காது மந்தமும் மனநோயும்

முதுமையில் காது மந்தமாகும்போது எல்லா ஒலிகளும் ஒரே அளவில் குறைவதில்லை. உச்சமான தொனிகளே முதலில் மறைகின்றன. ச, ஸ, ஷ போன்ற மெய்யொலிகள் அவற்றோடு போய்விடும், உயிரொலிகள் தங்கிவிடும். "சத்தம் கேட்குது, பேச்சு விளங்குதில்ல" என்று மூத்தவர்கள் சொல்வது இதைத்தான். நாம் கத்தினால் கேட்கிற ஒலியே இன்னும் பெரிதாகும். அதோடு நமது முகமும் கோபமாகத் தெரியும்.

விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும். கல்யாண வீட்டில் இரண்டு மணித்தியாலம் இப்படி இருப்பது பெரும் களைப்பு. முதலில் தலையாட்டிச் சிரிப்பார்கள், பிறகு கல்யாண வீட்டுக்கே வரமாட்டார்கள். மற்றவர்கள் மெதுவாகக் கதைத்தால் தன்னைப் பற்றித்தான் என்ற சந்தேகமும் சிலருக்கு வரும். இதையெல்லாம் "வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மறதிநோய்க்கும் காதுக்கும் தொடர்புண்டு. நாம் மாற்றக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளில் நடுவயதில் வரும் கேள்திறன் இழப்பே மிகப் பெரியது என்று லான்செட் ஆணைக்குழு 2020இல் கூறியது.

இதற்கு எதிர்மாறான தவறும் நடக்கிறது. என் உம்மும்மாவுக்கு இரவில் யாரோ பைத் படிப்பது கேட்கத் தொடங்கியது. வீட்டில் வேறு எவருக்கும் கேட்கவில்லை. ஜின்னின் வேலை என்றார் அயலில் ஒருவர். மூளை குழம்பிவிட்டது என்றார் இன்னொருவர். வைத்தியரோ முதலில் காதைப் பரிசோதித்தார். வெளியிலிருந்து ஒலி வருவது குறைந்தால், மூளை தன் ஞாபகத்திலுள்ள பாட்டைத் தானே ஒலிக்கவிடும். கால் வெட்டப்பட்டவருக்கு இல்லாத பாதம் வலிப்பது போலத்தான் இதுவும். காது மந்தமான வயதான பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. காதுக் கருவி பூட்டினால் சிலருக்குக் குறையும். ஆனால் கேட்கும் குரல் ஏசினால், பயமுறுத்தினால், இதைச் செய் என்று ஏவினால், தாமதிக்காமல் மனநல வைத்தியரிடம் போக வேண்டும்.

பிறவியிலேயே செவிப்புலனற்றவர்களின் நிலை வேறு. அவர்களின் மொழி சைகை. அதில் புருவமும் முகபாவமும் இலக்கணத்தின் பகுதி. அதை அறியாதவர் கண்ணுக்கு அந்த வேகம் மனக்குழப்பம்போலத் தெரியும். எழுதிக் கேட்டால் போதும் என்பதும் சரியல்ல. எழுத்துமொழி அவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. பெரும்பாலும் உம்மாவைத்தான் கூட அழைத்துப்போய் மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். உம்மாவிடம் சொல்ல முடியாத துயரத்தை ஒரு மகள் அந்த அறையில் எப்படிச் சொல்வாள்? அங்கு தேவைப்படுபவர், குடும்பத்தைச் சேராத, பயிற்சி பெற்ற சைகைமொழி உரைபெயர்ப்பாளர் ஒருவர்.