அங்கே உன்னை யாரும்மா கூப்பிட்டது?

கம்போடியாவுக்குத் தன்னார்வப் பணிக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும் பாட்டி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகள் பால்வெட்டியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, லயமும் இடிபட்ட பிறகு, இப்போது ஒரு மலிவு விலை வீட்டில் இருக்கிறார்.

"எவ்வளவு காசும்மா?"

"2,400 ரிங்கிட் பாட்டி. பன்னிரண்டு நாள்."

"அங்க போய் என்ன செய்வே?"

"பள்ளிக்கூடத்துக்குச் சாயம் அடிப்போம். பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்போம்."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, அங்கே உன்னை யாரும்மா கூப்பிட்டது?"

பல்கலைக்கழகச் சேவைக் கழகத்தில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஈப்போவுக்கு வந்த கழகம்

நம்மில் பலர் இடைநிலைப்பள்ளியில் இண்டராக்ட் அல்லது லியோ கழகத்தில் சேர்ந்திருப்போம். புறப்பாட மதிப்பெண்ணுக்காகச் சேர்ந்தவர்களும் உண்டு. நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். இண்டராக்ட் கழகத்தின் பின்னால் ரோட்டரி இருக்கிறது, லியோவின் பின்னால் லயன்ஸ் இருக்கிறது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறொன்றும் தெரியாது.

1905-ஆம் ஆண்டு சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடிப் பேசியதில் பிறந்தது ரோட்டரி. ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்தில் மாறி மாறிக் கூடியதால் இந்தப் பெயர் வந்தது. அவர்கள் முதன்முதலில் கையிலெடுத்த பொதுப்பணி மருத்துவமனையோ பள்ளிக்கூடமோ அல்ல. 1907-இல் சிகாகோ நகர மக்களுக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று முயற்சி எடுத்தார்கள். மாலை மரியாதை எதிர்பார்க்கிறவர்கள் தொடுகிற வேலையல்ல அது. ஆனால் அந்த ஊருக்கு அது தேவைப்பட்டது.

மலாயாவுக்கு இந்த இயக்கம் வந்ததில் கனடாவின் கல்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சனுக்குப் பெரும் பங்குண்டு. 1928-இல் மனைவி, மகளோடு புறப்பட்ட அவர், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் பயணம் செய்து ஆசியாவின் பல நாடுகளில் கழகங்களைத் தொடங்கினார். ஈப்போ ரோட்டரி கழகம் 1930-இல் உருவானது. ஈயம் கொழித்த கிந்தா பள்ளத்தாக்கில் தொழிலதிபர்களும் வல்லுநர்களும் கூடிய மேசை அது. பால்மரத்தடியில் நின்ற நம் முன்னோர்களுக்கு அந்த மேசையில் இடம் இருந்திருக்காது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழக ரோட்டராக்ட் கழகங்களில் பொறுப்பு வகிக்கிறார்கள்.

அழைப்பு என்றால் என்ன?

பாட்டியின் கேள்வியோடு ஈப்போவில் ஒரு மூத்த ரோட்டரி உறுப்பினரைச் சந்தித்தேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கள் பாட்டி எங்கள் விதியைத்தான் கேட்டிருக்கிறார்" என்றார்.

ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்கு, பணி நடக்கும் நாட்டிலுள்ள ஒரு கழகமும் வெளிநாட்டுக் கழகம் ஒன்றும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த ஊர் மக்களுக்கு என்ன தேவை என்று அவர்களிடமே கேட்டு ஆய்வு செய்திருக்க வேண்டும். வெளியார் கிளம்பிய பிறகு அந்தப் பணியை யார் தொடர்வார்கள் என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும். உள்ளூரில் கைகொடுக்க ஆளில்லை என்றால் அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

போலியோ ஒழிப்புப் பணியும் உள்ளூர்க் கைகளைத்தான் நம்பியிருந்தது. 1979-இல் பிலிப்பீன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி தொடங்கியது. 1985-இல் அது உலகளாவிய முயற்சியானது. இந்தியாவில் தடுப்பு மருந்து நாள்களில் வெளிநாட்டு ரோட்டரி உறுப்பினர்களும் போய்ப் பங்கேற்றார்கள். ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கிக் கதவைத் தட்டியவர்கள் அந்தந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் தன்னார்வலர்களும்தான். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் அந்நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ இருப்பது உறுதியானது. மலேசியாவில் 27 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் நோயாளி அந்தக் குழந்தை. சேவை தேவைப்படும் இடம் கடல் கடந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நாற்பது புத்தகப் பைகள்

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு பள்ளி திறக்கும் நேரத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஒரு குடியிருப்புக்கு எங்கள் கழகம் போனது. நாற்பது புத்தகப் பைகள் கொடுத்தோம். பதாகை பிடித்துப் படம் எடுத்தோம். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் என் அருகில் வந்து உட்கார்ந்து மலாய்க் கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டினான். இரண்டு பக்கம் போன பிறகுதான் புரிந்தது. அவன் எழுத்தை வாசிக்கவில்லை, படத்தைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது, "அக்கா, அடுத்த வாரம் வருவீங்களா?" என்று கேட்டான்.

"வருவேன்" என்றேன். போகவில்லை. பரீட்சை வந்தது, பிறகு விடுமுறை வந்தது, பிறகு நான் மறந்தே போனேன்.

பாட்டியின் கேள்விக்குப் பிறகு, ஆறு மாதம் கழித்து அதே குடியிருப்புக்குத் தனியாகப் போனேன். அந்தப் பையனின் அம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "பை எங்ககிட்ட மூணு இருக்கு பாப்பா. ஒவ்வொரு வருசமும் யாராச்சும் குடுக்குறாங்க. சாயங்காலத்துல பக்கத்துல உக்காந்து வாசிக்கச் சொல்லிக் குடுக்கத்தான் ஆள் இல்ல" என்றார். அவர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். கணவர் லாரி ஓட்டுநர். பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளி, 150 பேருக்கும் குறைவாகப் படிக்கும் குறைந்த மாணவர் பள்ளிகளில் ஒன்று. ஆசிரியர்கள் அக்கறையானவர்கள்தான். ஆனால் மாலை ஆறு மணிக்கு வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைக்க அவர்களால் வர முடியாது.

நாற்பது பை வாங்கும் முன் ஒரே ஒரு தாயிடம் நாங்கள் பேசியிருந்தால் போதும்.

முன்பணம் போனது

கம்போடியப் பயணத்தை ஏற்பாடு செய்த முகவரிடம், அங்கே எங்களை அழைத்திருக்கும் பள்ளி எது, ஊரார் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டேன். "நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்களோ அதை நாங்கள் ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று பதில் வந்தது. பயணத் திட்டத்தில் மூன்று நாள் ஓர் அநாதை இல்லமும் இருந்தது.

கம்போடியாவின் இல்லங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அங்குள்ள அரசும் யூனிசெஃப் அமைப்பும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளும் தன்னார்வலர்களும் கொடுத்த பணம் இல்லங்கள் பெருகுவதற்கு ஒரு காரணமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடு போகிறவர்களே ஒரு பிள்ளை பெற்றோரைப் பிரிந்து வாழக் காரணமாகலாம் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

நான் விலகினேன். முன்பணம் 300 ரிங்கிட் திரும்பக் கிடைக்கவில்லை. என் தோழி ஒருத்தி கோபமாகவே கேட்டாள்: "நாம உலகத்தைப் பார்க்க வேண்டாமா? எல்லாத்துக்கும் இப்படிக் கேள்வி கேட்டா யாருதான் எங்கே போவாங்க?" அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் உலகத்தைப் பார்க்க ஆசைதான். ஆனால் சுற்றுலா போனால் சுற்றுலா என்றே சொல்லிப் போகலாம், அதில் வெட்கமில்லை. அதற்குச் சேவை என்று பெயர் வைக்கும்போதுதான் கணக்கு வேறாகிறது.

பத்து வெள்ளி

பாட்டியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் வேறொரு கதையைச் சொன்னார். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரம். வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் நிலை. 1960-இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்ட, சங்கம் தோட்டங்களை வாங்கியது.

"எங்கப்பா கட்டினாரு. அந்த மாசம் வீட்டுல கறி இல்ல" என்றார் பாட்டி.

அந்தத் தொழிலாளர்களை யாரும் 'தன்னார்வலர்' என்று அழைக்கவில்லை. சான்றிதழும் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் அதே லயத்தில் அதே மனிதர்களோடு இருக்கப் போகிறவர்கள், தங்களுக்கு என்ன தேவை என்று தெரிந்து தாங்களே செய்துகொண்ட வேலை அது. தோட்டப்புறத்துக்குச் சேவை செய்யப் போகிறோம் என்று கிளம்பும் நாம், அங்கே ஒன்றுமே தெரியாதவர்கள் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

சனிக்கிழமை வகுப்பு

இப்போது எங்கள் கழகத்தில் ஐந்து பேர் முறை வைத்துச் சனிக்கிழமைதோறும் அந்தக் குடியிருப்புக்குப் போகிறோம். கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, ஒன்பது பிள்ளைகளோடு தமிழும் மலாயும் ஆங்கிலமும் வாசிக்கிறோம். பதினான்கு வாரம் முடிந்துவிட்டது. பெரிய சாதனை எதுவும் இல்லை. இரண்டு பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மெதுவாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்.

மண்டபத் தூணில் ஒரு நாள்காட்டி மாட்டியிருக்கிறோம். எங்களால் வர முடியாத வாரங்களைப் பிள்ளைகள் முன்னிலையில் சிவப்பு மையால் குறித்துவிடுகிறோம். வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட அது மேல்.

வெளிநாட்டுப் பணியை நாங்கள் கைவிட்டுவிடவில்லை. கம்போடியாவிலுள்ள ஒரு ரோட்டராக்ட் கழகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். உங்களுக்கு எங்களால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறோம். இல்லை என்று பதில் வந்தால் அதையும் ஏற்றுக்கொள்வோம்.

நண்பர்களே, அடுத்த முறை உங்கள் கழகம் ஒரு திட்டத்தோடு வரும்போது மூன்றே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நம்மை அழைத்தது யார்? அவர்கள் கேட்டது என்ன? நாம் வந்துவிட்ட பிறகு அதைத் தொடரப் போவது யார்? பதில் இருந்தால் ஈப்போவோ கம்போடியாவோ, தயங்காமல் போங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு நல்ல மழை. அந்தப் பையனின் அம்மா கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "பாப்பா, மண்டபத்துல தண்ணி ஒழுகுது. நாளைக்கு நம்ம வீட்டுல வச்சுக்கலாம். வந்துடுங்க."

அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "குடையை எடுத்துட்டுப் போ" என்றார்.