ஊருக்கு வரும் தொலைநோக்கி

சித்திரைப் புத்தாண்டு விழாவன்று நம் சங்க வாசலில் ஒரு சிறு தொலைநோக்கியை வைத்து, வந்தவர்களுக்கு நிலாவைக் காட்டினேன். அதன்பின் பத்துப் பன்னிரண்டு அன்பர்களாவது, "இதை வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களில் சிலரிடம் ஏற்கெனவே ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது, பால்கனியில் துணி போர்த்திக் கிடக்கிறது என்பதுதான் வேடிக்கை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எனவே இரண்டாவது தொலைநோக்கியைப் பற்றி, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்களுடைய முதல் தொலைநோக்கி 8 அங்குல டாப்சோனியன். நல்ல கருவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழாய் மட்டும் நாலடி நீளம். அடிப்பெட்டியோடு சேர்த்தால் 20 கிலோவுக்கு மேல். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் மொட்டைமாடி வரை போகாது; கடைசி இருபது படிகள் தோளில்தான். டில்லியில் தூசியும் பனிமூட்டமும் போக மிஞ்சுகிற நல்ல இரவுகள் கொஞ்சம். அவையும் மறுநாள் ஆபீஸ் உள்ள இரவாகவே வாய்க்கும். இரண்டாவது வாங்கப் போகிறேன் என்றதும் என் மனைவி, "கட்டிலுக்கடியில ஒண்ணு தூங்குது. அடுத்ததை எங்கே தூங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எனக்கு வானத்தைக் காட்டியவர் என் அப்பா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, இது மகம், அது சித்திரை, அந்தச் செக்கச் சிவந்தது கேட்டை என்று விரல் நீட்டிச் சொல்லுவார். தொலைநோக்கியில் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எண்பதைத் தாண்டிவிட்டார், இரண்டு இரவு ரயிலேறி டில்லிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாலடிக் குழாய் அவரிடம் போகாது.

தவிரவும், ஊர் வானம் வேறு. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து டில்லியில் உச்சத்துக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து 14 பாகைதான் உயரும், தூசியில் கரைந்துவிடும். திருநெல்வேலியிலோ சுமார் 34 பாகை. அகத்தியர் நட்சத்திரம் டில்லியில் 9 பாகைகூட எழும்புவதில்லை; அங்கே 28 பாகைக்கு மேல். தென்வானத்தின் செல்வங்கள் நம் ஊரில் வீட்டு வாசலிலேயே கிடைக்கின்றன. வைனு பாப்பு தம் வானாய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்ததிலும் இந்தத் தென்வானத்துக்கு ஒரு பங்கு உண்டு. கோடை விடுமுறைக்கு எப்படியும் ஊருக்குப் போகிறோம். அந்த மூட்டையோடு போகக்கூடியதாக ஒன்று வேண்டும்.

சரி, கம்ப்யூட்டர் எதற்கு? டில்லி, மும்பை வானத்தில் வழிகாட்டும் சிறு நட்சத்திரங்களே தெரிவதில்லை. படத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிப் போவது வெறுத்துவிடும். கம்ப்யூட்டர் தொலைநோக்கிக்குத் தேதி, நேரம், இடம் மூன்றையும் கொடுத்து, பளிச்சென்ற இரண்டு நட்சத்திரங்களை நடுவில் நிறுத்திக் காட்டிவிட்டால், மீதியை மோட்டார் தானே தேடிப் பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு நட்சத்திரங்களின் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வானமே தெரியாதவருக்கு வானத்தைக் காட்டும் கருவி என்று கடைக்காரர் சொன்னால் பாதியை நம்புங்கள்.

முன்பு ஒரு நண்பரிடம் இப்படி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். பல கைக்கருவிகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கேட்கும். நான் மே 6-ஐ நம் வழக்கப்படி தேதியை முதலில் வைத்துத் தட்டினேன். அது ஜூன் 5 ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் வானம் 30 பாகை நகர்ந்துவிடும். மகத்தைத் தேடிக் கிளம்பிய குழாய் பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. என் மகள் அரைமணி நேரம் சிரித்தாள். இப்போது வைஃபை மூலம் செல்போனோடு இணைகிற தாங்கிகள் வந்துவிட்டன. தேதியும் இடமும் போனிலிருந்தே போய்விடும். எனக்கு அது பிடித்துப்போனதற்குத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு காரணம்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. 60, 70 மில்லிமீட்டர் குழாயில் கம்ப்யூட்டர் பொருத்தியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பணம் மோட்டாருக்குப் போய்விடுகிறது. அது சரியாகக் காட்டுகிற பல இலக்குகள் நகர வெளிச்சத்தில் அந்தச் சின்னக் கண்ணுக்குத் தெரியாது. மீட் நிறுவனத்தின் இ.டி.எக்ஸ். 90 ஒரு காலத்தில் பெயர் பெற்றது. பழையது மலிவாக வரலாம். ஆனால் அந்நிறுவனம் 2024-இல் மூடப்பட்டுவிட்டது. பழுதானால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். செலஸ்ட்ரான் நெக்ஸ்ஸ்டார் 6 எஸ்.இ. 150 மில்லிமீட்டர், அருமையான கருவி, காருள்ளவர்களுக்கு ஏற்றது. முக்காலியோடு 13 கிலோவுக்கு மேல் என்பதால் ரயிலுக்கு ஆகாது. 2023-இல் வந்த சீஸ்டார் எஸ் 50-இன் எடை இரண்டரை கிலோதான். நெபுலாக்களை அழகாகப் படம்பிடித்துப் போனில் காட்டும். பார்வை மங்கியவர்களுக்கு அதுவே நல்லது என்றுகூடச் சொல்வேன். ஆனால் கண் வைத்துப் பார்க்க அதில் ஐபீஸ் கிடையாது. போனில் படம் பார்க்க அப்பாவுக்கு நான் எதற்கு?

கடைசியில் ஸ்கைவாட்சரின் 127 மில்லிமீட்டர் மக்சுடோவ் குழாயும், ஏ.இசட்.ஜி.டி.ஐ. என்ற வைஃபை தாங்கியும் வாங்கினேன். குழாய் ஒன்றேகால் அடி நீளம், மூன்றரை கிலோ அளவு. முதுகுப் பையில் அடங்கும். முக்காலி பெர்த்துக்கடியில் போய்விடும். 8 அங்குலத்தோடு ஒப்பிட்டால் ஒளி ஐந்தில் இரண்டு பங்குதான் சேரும். அதை ஒப்புக்கொண்டே வாங்கினேன். குவியத் தூரம் 1,500 மில்லிமீட்டர் என்பதால் பார்க்கும் பரப்பும் குறுகல்: 32 மில்லிமீட்டர் ஐபீஸில் ஒரு பாகைதான். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி முழுசாக அடங்காது. நிலா, சனி, வியாழன், ஒமேகா சென்டாரி நன்றாக அடங்கும். இன்னொன்று, எட்டு பேட்டரிகளை நம்பி ஊருக்குப் போகாதீர்கள். நடுவில் மோட்டார் சோர்ந்துவிடும். 12 வோல்ட் பவர் பேக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில், பகலில் குழாயைத் திறந்து வைக்கவே கூடாது. சூரியன் பக்கம் ஒரு கணம் திரும்பினால் கண் போய்விடும்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். மே 20-ஐ ஒட்டி ஒமேகா சென்டாரி இரவு பத்து மணிவாக்கில் தெற்கே உச்சத்தில் நிற்கும். ஒன்பது மணிக்கு வாசலில் முக்காலியை நிறுத்தினேன். போன், ரெகுலஸ், ஆர்க்ட்யூரஸ் என்று இரண்டு பெயர்களைக் காட்டியது. மகம், சுவாதி என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்காமல் ஒன்றுக்கு மேற்கேயும் ஒன்றுக்கு உச்சிக்குக் கிழக்கேயும் கை காட்டினார். சரியாகவே இருந்தன.

தெருப் பிள்ளைகள் பதினைந்து பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். அங்கேதான் மோட்டாரின் அருமை தெரிந்தது. கையால் நகர்த்துகிற கருவியில் 100 மடங்கு பெருக்கம் வைத்தால், பூமி சுழல்வதால், பார்த்த பொருள் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பத் திரும்பப் பிடித்து வைக்க வேண்டும். இது தானே பின்தொடர்ந்தது. நான் சும்மா நின்றேன்.

பிறகு ஒமேகா சென்டாரிக்குத் திருப்பிவிட்டு அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்தேன். வெகுநேரம் பேசவில்லை.

"இது எந்த நட்சத்திரம்?"

"ஒண்ணு இல்லப்பா. அங்கே சுமார் ஒரு கோடி இருக்கு. வெளிச்சம் இங்கே வர 17,000 வருஷம் ஆகுது."

கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஏல, ஒங்க அம்மையக் கூப்பிடு."

அம்மா அடுப்படியில் வேலையாக இருந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கொத்து அப்போதும் நடுவிலேயே நின்றது.