ரொக்கமும் ஓர் உரிமையே!

கடலூர் முதுநகர் மீன் கடைகளிலும், சிதம்பரம் தேரோடும் வீதிகளின் பூக்கடைகளிலும் க்யூஆர் குறியீட்டு அட்டை தொங்காத இடம் இன்று அரிது. 2016-ஆம் ஆண்டு அறிமுகமான யுபிஐ பணப் பரிமாற்ற முறை, 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைக் கையாண்டது. சில்லறைத் தட்டுப்பாடு பெருமளவு நீங்கியிருக்கிறது. வெளியூரில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம் நொடியில் தாயின் கணக்கை வந்தடைகிறது. இந்த நன்மைகளை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், எண்மப் பரிவர்த்தனை பெருகுவது வேறு. ரொக்கமே இல்லாத நிலையை நோக்கி மக்களைத் தள்ளுவது வேறு. முன்னது வசதி. பின்னது, தன் பணத்தைத் தான் செலவிடுவதற்கே பிறருடைய அனுமதியை எதிர்நோக்கும் நிலை. இந்த வேறுபாட்டை உணரப் பணத்தின் தன்மையைச் சற்றே ஆராய வேண்டும்.

நம் கையிலுள்ள நூறு ரூபாய் நோட்டு, ரிசர்வ் வங்கி ஆளுநர் கையொப்பமிட்ட உறுதிமொழி. வங்கிக் கணக்கில் தெரியும் நூறு ரூபாயோ, அந்த வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். யுபிஐ என்பது புதிய பணமன்று. அந்தக் கடனை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றும் பாதை மட்டுமே. வங்கி நொடித்துப் போனால் வைப்புத்தொகைக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான்.

பாதை அடைபட்டால் என்னவாகும் என்பதை 2020 மார்ச் மாதம் கண்டோம். யெஸ் வங்கியிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதெனக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அவ்வங்கியைச் சார்ந்து இயங்கிய போன்பே சேவையும் தற்காலிகமாக முடங்கியது. யெஸ் வங்கியில் கணக்கே இல்லாதவர்களும் அதனால் அவதியுற்றனர்.

கடலூர் மாவட்டத்தினருக்கு இந்த அபாயத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு பெயர்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015-இல் பெருவெள்ளம், 2024-இல் ஃபென்ஜால் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் செயலிழக்கும் நாளில் அரிசிக்கும் மருந்துக்கும் கைகொடுப்பது ரொக்கம் ஒன்றே.

பேரிடர் இல்லாத நாளிலும் ரொக்கத்தின் தேவை குறைந்துவிடவில்லை. முந்திரி உடைக்கும் பெண்களுக்கும், பிச்சாவரம் கழிகளில் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் முதியோருக்கும், பிறர் உதவியின்றித் தாமே எண்ணிப் பார்த்துக் கையாளக்கூடிய பணம் அதுதான். கைப்பேசியை இயக்க மற்றவரை நாடுபவர், தம் கடவுச்சொல்லையும் சேர்த்தே அவரிடம் ஒப்படைக்கிறார்.

அரசின் கட்டுப்பாடு குறித்த கேள்வி இதனினும் நுட்பமானது. இணைய மோசடியில் கைமாறிய பணத்தில் சில நூறு ரூபாய் ஒரு சிறு வணிகரின் கணக்குக்கு வந்துவிட்டால், விசாரணையின் பெயரால் அவருடைய கணக்கு முழுவதுமே முடக்கப்படும் நிலை உண்டு. மோசடிக்கும் அவருக்கும் தொடர்பே இல்லாதிருக்கலாம். கணக்கை முடக்கும்போது சந்தேகத்துக்குரிய தொகையும் கால அளவும் குறிப்பிடப்பட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் வலியுறுத்தியது. கடைக்காரரின் கல்லாப் பெட்டியை இவ்வாறு ஓர் உத்தரவால் தொலைவிலிருந்தே பூட்டிவிட இயலாது.

அப்படியெனில் ரொக்கம் அரசின் கைக்கு எட்டாததா? அன்று. 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 விழுக்காடு செல்லாததாக்கப்பட்டது. 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்கே திரும்பி வந்தது. அந்நடவடிக்கை செல்லும் என உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு வழங்கிய நீதிபதி பி.வி. நாகரத்னா, இத்தகைய முடிவு அறிவிக்கையால் அன்றிச் சட்டத்தின் வழியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார். பணம் தாளாக இருந்தாலும் எண்ணாக இருந்தாலும், குடிமகனுக்கு உண்மையான காப்பு சட்டமே என்பதை அந்த மாற்றுத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

2022 டிசம்பரில் பொதுமக்களுக்கான சோதனை முயற்சியாகத் தொடங்கிய எண்ம ரூபாயையும் இந்தக் கண்கொண்டே நோக்க வேண்டும். இதுவும் நோட்டைப் போலவே ரிசர்வ் வங்கியின் நேரடிப் பொறுப்பு. அவ்வகையில் வங்கி வைப்பைவிடப் பாதுகாப்பானது. ஆனால், இன்ன பொருளுக்கு மட்டும், இன்ன தேதிக்குள் மட்டும் செலவிடலாம் என அதில் நிபந்தனை பொதிக்க முடியும். காட்டுமன்னார்கோவில் உழவருக்குத் தரும் உர மானியம் உரத்துக்கே போய்ச் சேர அது உதவலாம். அதே நிபந்தனை நாளை கூலியிலும் ஓய்வூதியத்திலும் நுழைந்தால், பணம் பணமாக இராது, ரேஷன் கூப்பனாகிவிடும்.

கருப்புப் பணமும் வரி ஏய்ப்பும் ஒழிய ரொக்கம் குறைய வேண்டும் என்பார்கள். அக்கவலை நியாயமானதே. அதற்கெனவே 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. பெரும் பரிமாற்றத்துக்கு உரிய கண்காணிப்பைக் கீரை விற்பவர் மீது சுமத்தத் தேவையில்லை. மக்களின் விருப்பமும் தெளிவாகவே இருக்கிறது. 2016 நவம்பரில் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 2024 மார்ச்சில் ஏறத்தாழ 35 லட்சம் கோடியாக உயர்ந்தது. யுபிஐயும் வளர்ந்தது, ரொக்கமும் வளர்ந்தது.

ரொக்கத்தைக் கைவிடுவதில் உலகுக்கே முன்னோடியாக இருந்த ஸ்வீடன், பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையை வழங்கியே ஆக வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் நுகர்வோர் உரிமையை நார்வே 2024 அக்டோபர் முதல் வலுப்படுத்தியுள்ளது. நாம் அந்த எல்லைவரை சென்று திரும்ப வேண்டியதில்லை.

உணவு, மருந்து, பயணம், அரசு அலுவலகக் கட்டணம் ஆகியவற்றில் ரொக்கத்தை மறுக்கக் கூடாது எனச் சட்டம் தெளிவுபடுத்த வேண்டும். கடலோரச் சிற்றூர்களில் ஏடிஎம்களும் வங்கிக் கிளைகளும் குறையாமல் காக்கப்பட வேண்டும். கணக்கு முடக்கம் சந்தேகத்துக்குரிய தொகையோடும், உரிய அறிவிப்போடும், கால வரம்போடும் நிற்க வேண்டும். எண்ம ரூபாயில் எந்த நிபந்தனையைப் பொதிக்கலாம், எதைப் பொதிக்கக் கூடாது என்பதை நாடாளுமன்றம் விவாதித்து முடிவு செய்ய வேண்டும்.

கைப்பேசியா, காகிதமா என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பணத்துக்கு உரியவரிடமே இருக்கட்டும். இரண்டு வழிகளும் திறந்திருக்கும்வரைதான் அது தேர்வு. ஒன்றை அடைத்துவிட்டால் அது கட்டாயம்.