பாதாளச் சாக்கடைக் குழிகளும் கணிப்பொறித் திட்டப் படமும்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேடுகளின்மீது அமைந்தது. பேராறு எதுவும் அதன் ஊடே ஓடவில்லை. மேடுகளில் விழும் நீர் பள்ளத்தாக்குகள் வழியே வடிகிறது. 1947ஆம் ஆண்டு வரை சிவில்–இராணுவ நிலையத்தின் பகுதியாயிருந்த ஆஸ்டின் டவுன், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்த நிலம். அதன் வடிகால் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையாற்றில் சேர்ந்து, ஓசூர்ப் பக்கமாகத் தமிழ்நாட்டை அடைகிறது. கழிவுநீரோ இவ்வழியே செல்லாமல் குழாய்களிலேயே சுத்திகரிப்பு நிலையத்தை அடைய வேண்டும். குழாய் அடைபட்டால் அது தெருவில் பொங்கி வடிகாலில் கலக்கிறது. நகரின் கழிவுநீர் கலந்த பெல்லந்தூர் ஏரியில் 2015இல் நுரையின்மீதே தீப்பற்றியதை நாடறியும்.

சாக்கடைக் குழாயில் நீரை நகர்த்துவது பெரும்பாலும் புவியீர்ப்பு ஒன்றே. குழாய் தொடங்கும் இடம், திரும்பும் இடம், கிளை சேரும் இடம், அளவோ சரிவோ மாறும் இடம் ஆகியவற்றில் ஆள்நுழை குழி அமைப்பர். இதுவே மேன்ஹோல் என வழங்குவது. நேரான சிறு குழாய்களிலும் சுமார் 30 மீட்டருக்கு ஒரு குழி வேண்டும். வண்டல் படியாதிருக்க நீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமேனும் பெற வேண்டும் என்பது பொது விதி.

இக்காலத்தில் குழாய்களையும் குழிகளையும் ‘சிவில் 3டி’ போன்ற மென்பொருளால் வரைகின்றனர். ஒவ்வொரு குழிக்கும் அது மூன்று மட்டங்களைக் கணக்கில் கொள்கிறது: மூடிமட்டம், குழாயின் அடிமட்டம், குழியின் தரைமட்டம். படத்தில் தோன்றும் பெரும்பாலான கோளாறுகள் இவற்றுள் ஒன்று பிறழ்வதனால் விளைவனவே.

முதலாவது, மூடி தெருவுக்கு மேலே மிதப்பது அல்லது மண்ணுள் புதைவது. குழியை எந்த நிலப்பரப்போடும் இணைக்காமல் விட்டிருப்பதோ, பழைய அளவீட்டோடு இணைத்திருப்பதோ இதற்குக் காரணம். உரிய நிலப்பரப்பைத் தேர்ந்து, மூடிமட்டம் அதைத் தானே பின்பற்றுமாறு அமைத்தால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, குழாய் எதிர்ப்புறம் சாய்வது. ஓர் உதாரணம்: 30 மீட்டர் இடைவெளியுள்ள இரு குழிகளுக்கிடையே 150க்கு 1 என்ற சரிவு வேண்டுமாயின், வீழ்ச்சி 20 சென்டிமீட்டர். மேற்குழியில் அடிமட்டம் 898.60 மீட்டர் எனில் கீழ்க்குழியில் 898.40 இருத்தல் வேண்டும். அங்கே 898.70 எனப் பதிவாகிவிட்டால், மேற்குழியில் 10 சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கிய பின்னரே சொட்டு நகரும். 150 மில்லிமீட்டர்க் குழாயில் அது மூன்றில் இரண்டு பங்கு. குழாயை வரையும்போது மென்பொருள் சரிவு விதிகளைக் கையாள்கிறது. பின்னர்க் கையால் திருத்தினால், விதிகளை மீண்டும் செயற்படுத்துமாறு கட்டளையிட வேண்டும். இதை மறப்பதே இப்பிழைக்கு வழக்கமான காரணம்.

மூன்றாவது, குழியின் தரை குழாயைவிடத் தாழ்ந்திருப்பது. மழைநீர்க் குழிகளில் மணல் தங்குவதற்காக இவ்வாறு ஆழம் விடுவதுண்டு. கழிவுநீர்க் குழியில் அது அழுகும் தொட்டியாகிவிடும். அங்கே குழாயின் தொடர்ச்சியாக வாய்க்கால் அமைத்து இருபுறமும் சரிவாகப் பூச வேண்டும். ஆகவே வண்டல் ஆழத்தைச் சுழியமாக மாற்றுதல் அவசியம்.

நான்காவது, குழியின் அளவு பொருந்தாமை. இந்தியத் தர நிர்ணயப்படி வட்டக் குழியின் விட்டம், 1.65 மீட்டர் ஆழம் வரை 900 மில்லிமீட்டரும், 2.30 மீட்டர் வரை 1,200 மில்லிமீட்டரும், அதற்கு மேல் 9 மீட்டர் வரை 1,500 மில்லிமீட்டரும் ஆகும். கிளைக்குழாய் பிரதான குழாயைவிட 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரத்தில் வந்து சேருமாயின், வீழ்குழாய் வைத்த குழி வேண்டும்.

திரையில் யாவும் சரியானாலும் வேலை முடிந்துவிடாது. தெருவுக்குப் பலமுறை தார் போட்டால் தரை உயர்கிறது. பழைய மூடி மறைந்துபோகிறது. எனவே களப்பணியாளர் மட்டக்கருவியோடு தெருவில் நின்று மூடிமட்டத்தை மீண்டும் அளந்து, படத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுதல் வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு? நீர் தேங்கிய குழியில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. காற்றினும் கனமான இவ்வாயு அடியிலேயே தங்கும். மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். அடைப்பை நீக்க அக்குழியில் இறங்கி மாண்டோர் பலர். தற்காப்புச் சாதனமின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என வகுத்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. குழிகளை இயந்திரங்களே துப்புரவு செய்யும் நிலையை எல்லா நகரங்களிலும் ஏற்படுத்துவதென அவ்வாண்டு மத்திய வரவு செலவுத் திட்டமும் அறிவித்தது.

இயந்திரம் வருவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடைபடாத குழியில் எவரும் இறங்க நேராது. அத்தகைய குழி, திட்டப் படத்தில் மட்டங்களைச் சரிபார்க்கும் மேசையிலேயே உருவாகத் தொடங்குகிறது.