பாரிசவாதமும் முதியோர் மனச்சோர்வும்

உடலின் தளர்ச்சியைக் கண் காணும். உள்ளத்தின் தளர்ச்சியைக் கருத்துடையோரே காண்பர். பாரிசவாதத்தால் முதியவர் ஒருவர் வீழ்ந்துவிடின், கை எழுகின்றதா, கால் ஊன்றுகின்றதா, வாய் பேசுகின்றதா என உற்றார் நாள்தோறும் வினவுவர். அவர்தம் மனம் எந்நிலையில் உள்ளது என வினவுவோர் மிகச் சிலரே. நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் முதியோரை நோக்குமிடத்து, அவ்வினா இன்றியமையாததென்பது புலனாகும்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுதலாலோ வெடித்தலாலோ மூளையின் ஒரு பகுதி சிதைவதே பாரிசவாதமாகும். உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் என்பன அதற்குரிய முதன்மைக் காரணங்கள். மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பக்கத்தை ஆளுகின்றது. பெரும்பாலோர்க்குப் பேச்சாற்றலும் அவ்விடப்பாகத்தையே சார்ந்தது. ஆதலின் வலக்கை வீழ்ந்தோருட் பலர் மொழியையும் உடன் இழக்கின்றனர். இந்நோயினின்று பிழைத்தோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் எனப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் கண்டுள்ளனர்.

இச்சோர்வு தோன்றுவதேன்? இழப்பை எண்ணி வருந்துதல் இயல்புதானே எனச் சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. மனநிலையை ஆளும் நரம்புத் தொடர்புகள் மூளைச் சிதைவினால் நேரே பாதிக்கப்படலாம். அமெரிக்க மருத்துவர் றொபின்சன் என்பார் மூளையின் இட முன்பாகச் சிதைவே இதற்குச் சிறப்புக் காரணம் என்றார். ஆயினும் 2000 ஆம் ஆண்டில் 'லான்செற்' இதழில் வெளியான தொகுப்பாய்வு அக்கொள்கைக்கு ஆதரவு காணவில்லை. மூளையின் மாற்றமும் வாழ்வின் இழப்பும் ஒருங்கே கூடி இந்நிலையை விளைவிக்கின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து.

தோட்டத்து முதியோர்க்கு அவ்விழப்பு மும்மடங்காகின்றது. ஈரிலையும் அரும்புமாகக் கொழுந்து கிள்ளுவதில் வாழ்நாளைக் கழித்த பெண்ணொருத்திக்குக் கையென்பது வெறும் உறுப்பன்று. அவள் உழைப்பும் மதிப்பும் அதுவே. அக்கை மடியில் உயிரற்றுக் கிடப்பதைக் கண்டு அவள் என்ன நினைப்பாள்? நுவரெலியா நகரோ கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தது. சூழவுள்ள தோட்டங்கள் சரிவும் படியுமானவை. ஊன்றுகோலுடன் லயத்தினின்று தெருவுக்கு இறங்குதலே பெரும்பாடு. பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ தொழில் தேடிச் சென்றிருப்பர். வீட்டிலிருப்போர் விடியலிலேயே மலைக்குச் சென்றுவிடுவர். பகல் முழுதும் முதியவர் தனித்திருப்பர்.

இத்தகையோர் உண்ண மறுப்பதையும், உறங்காதிருப்பதையும், பயிற்சிக்கு உடன்படாமையையும் கண்டோர் 'வயதின் குணம்' என்பர். 'பிடிவாதம்' என்றுங் கூறுவர். முன்னர் விருப்புடன் செய்தவற்றில் நாட்டமின்மை, தாம் பிறர்க்குச் சுமையென்னும் எண்ணம், இடையறாத துயரம் என்பன இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் அது மனச்சோர்வே என ஐயுறல் வேண்டும். காமன் கூத்தில் பிறரைப் பயிற்றிய ஒருவர், மாசியில் தப்பொலி கேட்டும் முகந் திருப்பிக்கொள்வாராயின் அஃது ஓர் அறிகுறியன்றோ? பேச்சிழந்தோர் தம் துயரைச் சொல்லவியலார். அவர்தம் முகம், உணவு, உறக்கம் ஆகியவற்றைக் கொண்டே உணர்தல் வேண்டும். காரணமின்றித் திடீரென அழுது உடனே ஓய்தல் வேறொரு நிலை. அது மூளைச் சிதைவால் உணர்ச்சிக் கட்டுப்பாடு குன்றுதலால் நேர்வது. இரண்டையும் பிரித்தறிதல் மருத்துவர் பணி.

மனஞ் சோர்ந்தவர் கையை அசைக்க முயலார். முயலாத கை தேறாது. தேறாமை கண்டு மனம் மேலுஞ் சோரும். இச்சுழலை அறுத்தல் கூடும். மனச்சோர்வுக்கு மருந்துண்டு, ஆறுதலுரைச் சிகிச்சையும் உண்டு. ஆயின் மருந்தை எல்லோர்க்கும் முற்காப்பாக வழங்குதல் தகாது. பிரித்தானியாவில் 3,127 நோயாளரிடம் நிகழ்ந்து 2018 இல் வெளியான ஆய்வில், புளுவொக்செற்றீன் என்னும் மருந்து புதிய மனச்சோர்வைக் குறைத்தது. உடலின் செயலாற்றலை மேம்படுத்தவில்லை. எலும்பு முறிவையோ மிகுவித்தது. படியும் சரிவும் நிறைந்த தோட்டங்களில் இது கருதத்தக்கது. எனவே டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்றவற்றின் மருத்துவரை நாடி, அவர் கூறியவாறே மருந்துண்ணல் வேண்டும். 'வாழ்ந்தது போதும்' என முதியவர் கூறுவாராயின், அதனை வெறுஞ் சொல்லென ஒதுக்காது உடனே உதவி நாடுதல் கடன். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் இதற்கென உள்ளது.

மருந்தோடு பிறவும் வேண்டும். பேச்சிழந்தோருட் சிலர் பழகிய பாடலைப் பாட வல்லர். இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டே 1973 இல் பொஸ்ரன் நகரத்து அறிஞர் இசைவழிப் பேச்சுப் பயிற்சியை வகுத்தனர். மாரியம்மன் தாலாட்டை நன்கறிந்த பாட்டியைப் பேரப்பிள்ளை உடனிருந்து பாடச் செய்தல் பொருளற்ற விளையாட்டன்று. ஒற்றைக் கையால் இயலும் சிறு வேலையொன்றை நாள்தோறும் அவரிடம் ஒப்புவித்தலும், வெயிலில் வாசலில் அமர்த்துதலும், வீட்டுக் காரியங்களில் அவர்தம் கருத்தைக் கேட்டலும் அவரை மீண்டும் குடும்பத்தின் நடுவே இருத்தும்.

மருத்துவம் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நாற்கூற்றது என்பது திருவள்ளுவர் கொள்கை. முதல் மூன்றும் வைத்தியசாலையில் ஒருங்கு கூடலாம். நான்காமவனோ வீட்டில் இருத்தல் வேண்டும். அவன் இல்லாதவிடத்து ஏனைய மூன்றும் பயன் குன்றும் என்பதை உணர்ந்து, மாலையில் மலையினின்று இறங்குவோர் சிறிது நேரம் முதியவர் அருகமர்ந்து, 'மனம் எப்படி இருக்கின்றது?' எனக் கேட்பாராக.