கோகோவில் எறும்பு விடலாமா?

தென்னந்தோப்பில் கோகோவை ஊடுபயிராகச் செய்யும் உழவர் அன்பர்கள் சிலர், தேயிலைக் கொசுவை ஒழிக்க முசுறு எனும் செவ்வெறும்பின் கூடுகளைக் கொண்டுவந்து மரத்தில் கட்டலாமா என்று கேட்கின்றனர். இளங்காயிலும் துளிரிலும் சாற்றை உறிஞ்சிக் கரும்புள்ளிகளை உண்டாக்கும் தேயிலைக் கொசுவை முசுறு விரட்டும் என்பது உண்மையே. மருந்துச் செலவும் மிச்சம். ஆனால் கட்டுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

எறும்புக்கு இரை மட்டும் போதாது, இனிப்பும் வேண்டும். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் கழிக்கும் தேன்போன்ற திரவமே அதற்கு இனிப்பு. எனவே நாம் மாடு வளர்ப்பதுபோல் எறும்பு அவற்றை வளர்க்கிறது. அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. கொசு குறைந்த மரத்தில் மாவுப்பூச்சி பெருகி, பிஞ்சு வாடி, இலையில் கரும்பூசணம் படர்வது இதனால்தான்.

ஜாவாவில் டச்சுக்காரர் காலத்திலேயே கோகோவில் கருப்பு எறும்பை வளர்த்துத் தேயிலைக் கொசுவைக் கட்டுப்படுத்தினர். எறும்பு நிலைக்க மாவுப்பூச்சியையும் உடன் வளர்த்தனர். அங்கு அதனால் சேதம் குறைவு, முறை பலித்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் கதை வேறு. கானாவில் 1936-இல் கண்டறியப்பட்ட தண்டுவீக்க நச்சுயிரி நோயைப் பரப்புவது மாவுப்பூச்சியே. அந்நோய்க்காகக் கோடிக்கணக்கான மரங்களை வெட்ட நேர்ந்தது. மேலும் சில எறும்புகள் காய்மீது மண்கூடு கட்டும்போது, அம்மண்ணோடு கருங்காய் அழுகல் பூசணமும் ஏறிவிடுகிறது.

கேமரூன் நாட்டில், தென் அமெரிக்காவைச் சேர்ந்த சிறு தீயெறும்பைக் கோகோத் தோட்டங்களில் பூச்சிக்காகப் பரப்பினர். அது உள்ளூர் எறும்புகளைத் துரத்திவிட்டுத் தானே பெருந்தொல்லையாயிற்று. பரவிய எறும்பைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

ஆகவே வெளியிலிருந்து கூடு கொண்டுவர வேண்டாம் என்பதே என் கருத்து. தோப்பில் தானாக உள்ள முசுறை, மாவுப்பூச்சி இல்லாத மரத்தில் விட்டுவைக்கலாம். காய் பறிப்போர் கடி பொறுக்க வேண்டும், அவ்வளவே. வாரம் ஒருமுறை காய்க்காம்பையும் துளிரையும் பாருங்கள். மாவுப்பூச்சி தென்பட்டால் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு விடலாம். முதலில் அடிமரத்தில் பசைப்பட்டை சுற்றி, பக்கத்து மரத்தைத் தொடும் கிளைகளைக் கழித்து, எறும்பு ஏறுவதைத் தடுக்க வேண்டும். இல்லாவிடில் வண்டு நிலைக்காது.

இந்த வண்டின் புழுவும் வெண்மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே இருக்கும். அன்பர் ஒருவர் பூச்சி பெருகிவிட்டதென மருந்தடித்து, விலைக்கு வாங்கிய வண்டுகளின் புழுக்களையே கொன்றதைக் கண்டிருக்கிறேன். ஐயமிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மெல்ல அசையும். அதைவிடப் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளுடன் விரைந்து ஓடுவது வண்டின் புழு.