குப்பைமேட்டு நீரும் வெங்காய வேரும்

கொடுங்கையூர்க் குப்பைமேட்டை அறியாத வடசென்னைக் குடும்பம் இராது. பல பத்தாண்டுகளாக 250 ஏக்கர் அளவில் அங்கே குவிந்த கழிவைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டுள்ளது. மேடு குறைவது நல்லதே. ஆனால், இத்தனை மழைக்காலங்களில் அதனூடே வடிந்து மண்ணுக்குள் இறங்கிய கரிய நீரை யார் தோண்டி எடுப்பது?

அந்நீரில் ஈயம் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று இரசாயனப் பரிசோதனை கூறும். ஆயினும், தேடிய பொருளையே அது காணும். பேட்டரியும் பெயின்டும் பிளாஸ்டிக்கும் மருந்துமாக ஊறிய சாற்றில் பெயர் தெரியாதவை எத்தனையோ! அவை யாவும் கூடி உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்குமா என்பதை உயிருள்ள ஒன்றிடந்தான் கேட்டறிய வேண்டும்.

அப்படிக் கேட்கும் வழியொன்றை 1973-இல் அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் ஏம்ஸ் வெளியிட்டார். ஹிஸ்டிடின் என்னும் சத்தைத் தானே ஆக்க இயலாதவாறு ஊனமுற்ற சால்மொனெல்லா கிருமிகளை, அச்சத்து அரிதான உணவில் இட்டால் அவை பெருகா. சந்தேகத்துக்குரிய நீரைச் சேர்த்தபின் திட்டுத் திட்டாகப் பல முளைக்குமாயின், அந்நீர் அவற்றின் மரபணுவைத் திரித்துவிட்டது என்று பொருள். எலியின் ஈரல் சாற்றையும் சேர்ப்பார்கள். உடலுக்குள் சென்று ஈரலில் மாறிய பின்னரே நஞ்சாகும் பொருள்கள் உண்டல்லவா? இரண்டே நாளில் விடை கிடைக்கும். குழந்தைகளின் இரவு உடையில் தீப்பிடியாதிருக்கப் பூசிய ஓர் இரசாயனம் இச்சோதனையில் சிக்கியது. 1977-இல் அந்நாட்டில் அது தடை செய்யப்பட்டது.

குப்பைச் சாற்றில் ஒரு சங்கடமுண்டு. கடுமையான சாறு கிருமிகளையே கொன்றுவிட்டால் திட்டு எதுவும் முளைக்காது. 'தீங்கில்லை' என்று ஏமாந்துபோவோம். ஆகவே பல அளவுகளில் நீர் கலந்து சோதித்தல் அவசியம்.

இதனினும் எளியது நம் அடுப்படி வெங்காயம். 1938-இல் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான் காட்டிய வழி இது. (மனிதருக்குக் குரோமோசோம்கள் 46 என்று 1956-இல் வெளியிட்ட இருவருள் இவரும் ஒருவர்.) வெங்காய வேரைச் சோதனை நீரில் வளரவிட்டு, நுனியை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், பிரியும் உயிரணுக்களில் உடைந்த, பின்தங்கிய குரோமோசோம்கள் கண்ணுக்கே தெரியும். தாவரவியல் ஆய்வுக்கூடமுள்ள கல்லூரி எதுவும் செய்யத்தக்கது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கிருமியோ வேரோ திரிந்தமையால், அந்நீரைக் குடித்தவர் நோயாளி என்றாகிவிடாது. "அந்தப் பக்கத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்" என்று திருமணப் பேச்சில் எவரும் வாய்திறக்க இடந்தரலாகாது. இந்தச் சோதனை குற்றஞ்சாட்டுவது நீரையே. மற்றொன்று: கொதிக்கவைத்தால் காலராக் கிருமி சாகும், ஈயம் போகாது. சந்தேகமுள்ள அடிபம்பு நீரைப் பருகவும் சமைக்கவும் கொள்ளாதிருப்பதே தாய்மார் செய்யத்தக்கது.

நாம் கேட்பது பெரிதன்று. மேட்டைச் சுற்றியுள்ள அடிபம்புகளிலும், கொடுங்கையூர்க் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் கலக்குமிடத்திலும், ஒப்பிடுவதற்குத் தொலைவிலுள்ள தூய கிணறு ஒன்றிலும், ஐப்பசி மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் நீரெடுத்து இவ்விரு சோதனைகளையும் செய்து, முடிவை அந்தந்தத் தெருவிலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.